இலேசான குளிர்ச்சட்டை: அறிந்து வாங்கும் முறை

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

குளிர்ச்சட்டையைப் பற்றிப் புதுச்சேரிவாசிகளுக்கு ஒரு பாடமா என்று அங்கத்தினர் சிலர் வியக்கலாம். கடலோரத்தில் அமைந்த நமது நகரில் தை மாதத்து விடியற்காலையிற்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கிறது. ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும் என்று நம் முன்னோர் வாழ்ந்தனர், அது தவறன்று.

ஆயினும் நமது அங்கத்தினர்களின் வாழ்க்கை இன்று ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. நெசவாளர் தம் சரக்கை எடுத்துக்கொண்டு நவம்பரிலும் ஜனவரியிலும் டில்லிக் கண்காட்சிகளுக்குச் செல்கின்றனர். பயிர்த்தொழில் செய்வோர் பயிற்சிக்காக நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் போகின்றனர். பிள்ளைகள் வடநாட்டுக் கல்லூரிகளில் படிக்கின்றனர். முதியோர் திருமலைக்கும் கேதாரத்துக்கும் யாத்திரை செல்கின்றனர். உற்றார் பிரான்சில் வாழும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இவர்கள் அனைவருக்கும் ஏதேனும் ஒரு நாளில் குளிர்ச்சட்டை தேவைப்படுகிறது. பெரும்பாலும் புறப்படுவதற்கு முதல்நாள் மாலையிலேதான் அது நினைவுக்கு வருகிறது. அவசரத்தில் வாங்குவோர் இரண்டு வகையில் ஏமாறுகின்றனர். கனமே கதகதப்பு என்று கருதி மூட்டை போன்ற ஒன்றை அதிக விலைக்கு வாங்குவது ஒன்று. மினுமினுப்பைக் கண்டு உள்ளே சரக்கில்லாத ஒன்றை வாங்கி, ஊர் போய்ச் சேர்ந்தபின் நடுங்குவது மற்றொன்று. நெய்தும் உழுதும் சேர்த்த பணம் இவ்விதம் வீணாகாமலிருக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். கடைக்காரர்கள் இதனை 'ஜாக்கெட்' என்பார்கள். நம்மிடையே அச்சொல் பெண்டிரின் ரவிக்கையைக் குறிப்பதாகலின், மயக்கம் நேராதபடி இக்கட்டுரையில் 'குளிர்ச்சட்டை' என்றே எழுதுகிறோம். இரண்டு துணிகளுக்கிடையே பஞ்சு போன்ற அடைப்பை வைத்துத் தைத்த, முன்புறம் ஜிப் வைத்த, இலேசான சட்டையையே இங்கு கருதுகிறோம்.

1. கதகதப்பு எங்கிருந்து வருகிறது?

சட்டை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது நமது உடல். உண்ட உணவு உள்ளே எரிந்து வெப்பமாகிறது. அவ்வெப்பம் குளிர்ந்த வெளிக்காற்றுக்கு ஓடிப்போக முயல்கிறது. ஓடுவதைத் தடுப்பதே சட்டையின் வேலை.

இத்தடையைச் செய்வது எது? பஞ்சு என்றும் கம்பளி என்றும் நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதனைச் செய்வது அவற்றின் இழைகளுக்கிடையே சிக்கிக்கொண்ட காற்று. அசையாமல் நிற்கும் காற்றினூடே வெப்பம் மிக மெதுவாகவே கடந்து செல்லும். இழைகளின் பணி, அக்காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஆகவே ஒரே சட்டை உலர்ந்திருக்கும்போது காப்பாகவும், நனைந்தபோது பகையாகவும் ஆகிறது.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கதகதப்பைத் தருவது எடையன்று, உப்பல். குறைந்த எடையில் மிகுந்த காற்றைப் பிடித்து வைப்பதே சிறந்த அடைப்பு. இரண்டாவது, பிடித்த காற்றை வெளிக்காற்று வந்து கலைத்துவிடக்கூடாது; எனவே மேல்துணி நெருக்கமாக நெய்யப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, அடைப்பில் ஈரம் தங்கக்கூடாது. கடையில் எத்தனை விதமான சட்டைகளைக் காட்டினாலும், காற்று, நெருக்கம், ஈரம் ஆகிய இம்மூன்றையும் நினைவில் வைத்து அவற்றை மதிப்பிடலாம்.

பழைய மெத்தையை வில்லால் கொட்டுபவர் செய்வது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அவர் புதிதாகப் பஞ்சு எதனையும் சேர்ப்பதில்லை. அமுங்கிப் போன பஞ்சைப் பிரித்து அதனுள் மீண்டும் காற்றைப் புகுத்துகிறார். எடை மாறாமலே மெத்தை உயர்ந்துவிடுகிறது. ஜெய்ப்பூர் ரஜாய் என்னும் மெல்லிய போர்வை புகழ் பெற்றதும் இக்காரணத்தாலேயே. சிறிதளவு பஞ்சை நன்றாகப் பிரித்து, நெருங்கத் தைத்து, கனமில்லாமல் கதகதப்பைத் தரும்படி அதனைச் செய்கிறார்கள்.

2. உள்ளே அடைக்கும் பொருள்கள்

பருத்திப் பஞ்சு: நமது பெருமைக்குரிய பருத்தி, இவ்வொரு வேலைக்கு மட்டும் முழுத் தகுதி உடையதன்று என்பதை நெசவாளராகிய நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் உலர்ந்த எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை ஏற்கும். வேர்வையோ தூறலோ பட்டால் அமுங்கிவிடும், எளிதில் உலராது. வெப்ப நாட்டில் உடலைக் குளிர்விப்பதால் போற்றப்படும் அதே குணம், குளிர் நாட்டில் தீங்காகிறது. வறண்ட குளிருக்கும் வீட்டிற்குள் அணிவதற்கும் பருத்தி அடைப்பு ஏற்றது, மலையேற்றத்துக்கு ஏற்றதன்று.

இலவம்பஞ்சு: இதன் ஒவ்வொரு இழையும் உள்ளீடற்ற குழல், அதன் பருமனில் பெரும்பகுதி காற்றே. நீரை எளிதில் ஏற்காததால் முற்காலத்தில் கப்பற்பயணிகளின் மிதவைச் சட்டைகளில் இதனையே அடைத்தனர். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இதன் வாணிபத்துக்குப் பெயர் பெற்றது. இவ்வளவு சிறப்பிருந்தும், இழை குட்டையாகவும் முறியக்கூடியதாகவும் இருப்பதால், அடிக்கடி மடங்கும் சட்டையில் இது நாளடைவில் திரண்டு கட்டியாகிவிடுகிறது. தலையணைக்கும் மெத்தைக்கும் இதனை வைத்துக்கொள்வதே முறை. இலவு காத்த கிளியின் கதை பஞ்சின் குற்றமன்று. அது கனியென்று எண்ணியதே குற்றம். எப்பொருளையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

கம்பளி: காற்றிலுள்ள ஈரத்தைப் பருத்தியினும் மிகுதியாக ஏற்றாலும், சுருண்ட இழைகளைக் கொண்டதால் கம்பளி உப்பலை எளிதில் இழப்பதில்லை. சிறிது நனைந்தாலும் கதகதப்பு முற்றும் நீங்காது. தீப்பொறி பட்டால் சட்டெனப் பற்றுவதுமில்லை. ஆனால் அதே கதகதப்புக்குக் கனம் அதிகம். ஸ்வெட்டரின் கண்களினூடே காற்று புகும். குளிர்ச்சட்டையின் உள்ளே அணிய மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் மிகப் பொருத்தமானது.

பறவைத் தூவி: வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் மார்பில், மேலிறகுக்கு அடியில் வளரும் தண்டில்லாத மெல்லிறகே தூவி எனப்படும். வாடைக்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் அரசியின் படுக்கைக்கு அன்னத்தூவி பரப்பியதாகக் கூறப்படுகிறது. ஆதலால் தூவியின் அருமை தமிழர்க்குப் புதிதன்று. மேனாட்டில் 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் முயற்சியில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பவர் பலூன் துணியில் தூவி அடைத்த கோட்டை அணிந்து சென்றார். 1940-இல் அமெரிக்காவின் எடி பவர் என்பவர் வரிவரியாகத் தைத்த தூவிச்சட்டைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் விற்கும் பட்டை பட்டையான குளிர்ச்சட்டை அவ்வழியில் வந்ததே.

தூவியின் தரத்தை அதன் உப்பலால் அளக்கின்றனர். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதே அளவு. சீட்டில் 600 என்றிருந்தால், ஏறத்தாழ 28 கிராம் தூவி 10 லிட்டர் இடத்தை நிரப்பும் என்பது பொருள். எண் உயர உயர எடை குறையும், விலை ஏறும். எனினும் தூவிக்குப் பெருங்குறை ஒன்றுண்டு. நனைந்தால் கோழிக்குஞ்சின் இறகைப் போல ஒட்டிக்கொண்டு, உப்பலனைத்தையும் இழந்துவிடும். மீண்டும் உலர நெடுநேரம் ஆகும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் ஈரக்காற்றும் நிறைந்த நம் கடற்கரையில் இதனைப் பேணுவது எளிதன்று.

பாலியெஸ்டர் அடைப்பு: 1941-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்து, பின்னர் டெரிலின் என்ற பெயரில் நம்மிடையே பரவிய அதே இழைதான் இது. இங்கு அதனை நூலாக முறுக்காமல் சுருள் இழையாகவும், உள்ளே குழலுடைய இழையாகவும் செய்து அடைக்கின்றனர். தன் எடையில் அரை சதவீத அளவுகூட இது ஈரத்தை ஏற்பதில்லை. நனைந்தாலும் உதறினால் உப்பும், விரைவில் உலரும், வீட்டிலேயே துவைக்கலாம், பூச்சி அரிக்காது, விலையும் தூவியினும் குறைவு. தூவியைவிடச் சிறிது கனம், சுருட்டினால் சற்றுப் பெரிய பொட்டலம், சில ஆண்டுகளில் உப்பல் தளர்வது ஆகியவை இதன் குறைகள். ஆண்டில் சில நாட்களே அணியப்போகும் நம் அங்கத்தினருக்கு, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, இதுவே தக்கது என்பது நமது முடிவு.

3. மேல்துணியை நெசவாளர் கண்ணால் பார்த்தல்

நீலத்துணி நெய்து செனகல் வரை கப்பலேற்றிய ஊர் நமது ஊர். 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. எனினும் துணியைத் தொட்டுப் பார்த்து எடைபோடும் அறிவு இங்குள்ள குடும்பங்களில் இன்றும் உண்டு. குளிர்ச்சட்டை வாங்குமிடத்து அவ்வறிவு நன்கு பயன்படும்.

மேல்துணி பெரும்பாலும் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். அதன் சீட்டில் 20 டெனியர், 30 டெனியர் என்று எழுதியிருப்பார்கள். பட்டு நெய்வோர்க்கு இவ்வளவு பழக்கமானதே: 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். நமக்கு வரும் 20/22 டெனியர் கச்சாப் பட்டின் நயத்தை நினைத்துக்கொண்டால் அத்துணியின் மென்மை விளங்கும். பருத்தி நூல் கணக்கில் சொன்னால், 100-ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 53 டெனியர் ஆகும். எனவே 20 டெனியர் துணி நமது மிக உயர்ந்த நம்பரையும் கடந்து மெல்லியது. அது இலேசாக இருக்கும். முள்ளிலோ ஆணியிலோ பட்டால் எளிதில் கிழியும். தோட்டத்துக்கும் பயணத்துக்கும் அணிபவர் 30 முதல் 50 டெனியர் வரையுள்ள துணியைத் தேர்ந்தெடுப்பதே நலம். துணியில் சிறு சிறு கட்டங்கள் தெரிந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் உறுதியான இழைகளைப் பாவிலும் ஊடையிலும் சேர்த்து நெய்திருக்கிறார்கள் என்று அறியலாம். ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அக்கட்டத்தோடு நிற்கும்.

நெருக்கத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. துணியின் ஒற்றை மடிப்பை வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபுறம் வைத்த கையில் காற்று தாராளமாகப் பட்டால், மோட்டார் சைக்கிளில் செல்லும்போது அதே வழியாகக் குளிர் உள்ளே புகும். சிறிதும் புகாமல் பிளாஸ்டிக் தாள்போல் அடைத்துவிட்டால், உடலின் வேர்வை வெளியேறாமல் உள்ளேயே நீராகும். மிகச் சிறிது கசிவது நல்ல துணி.

'நீர் தெறிக்கும்' என்று எழுதியிருப்பது, தூறலைச் சிறிது நேரம் தாங்கும் என்று மட்டுமே பொருள்படும். மழைக்கோட்டின் வேலையை அது செய்யாது. மேலே பூசிய மருந்து துவைக்கத் துவைக்க மங்கிவிடும்.

4. தையலும் அமைப்பும்

அடைப்பு கீழே சரிந்து திரளாதிருக்கவே வரிவரியாகத் தைக்கிறார்கள். ஆனால் தையல் ஓடும் இடத்தில் இரண்டு துணிகளும் ஒட்டிவிடுவதால் அங்கே காற்றறை இல்லை. குளிர் அவ்வழியாக உட்புகும். எனவே தையல் மிக நெருங்கியிருப்பது அழகேயன்றி ஆதாயமன்று. பெருவிரலால் இரண்டு வரிகளுக்கிடையே அழுத்திப் பார்த்து, அடைப்பு எங்கும் ஒரே சீராக உள்ளதா என்று அறிக. தோளிலும் முழங்கையிலும் வெறுமையாக இருக்குமாயின் அதனை விலக்கிவிடுக.

கழுத்துப்பட்டி நிமிர்ந்து நின்று தொண்டையை மூட வேண்டும். கைமுனை மணிக்கட்டைத் தழுவ வேண்டும். கீழ்விளிம்பு இடுப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஜிப்பின் உட்புறம் ஒரு துணிப்பட்டை இருந்தால் பற்களினூடே காற்று நுழையாது. ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நல்ல சட்டைகள் பல, ஜிப் ஒன்று கெட்டதனாலேயே மூலையில் போடப்படுகின்றன.

அளவு முக்கியமானது. உள்ளே ஒரு முழுக்கைச் சட்டையும் மெல்லிய ஸ்வெட்டரும் அணிந்து, கைகளை முன்னே நீட்டிப் பாருங்கள். முதுகு இறுகினால் அடைப்பு அமுங்கி உப்பலை இழக்கும். மிகத் தொளதொளப்பாக இருந்தால் ஒவ்வோர் அசைவிலும் உள்ளிருக்கும் வெப்பக்காற்று வெளியேறிவிடும்.

5. எவ்வளவு குளிருக்கு எவ்வளவு சட்டை?

இதுவே பாடத்தின் நடுப்பகுதி. சந்திக்கப்போகும் குளிரை முதலில் அளந்து, பின்னரே சட்டையை அளக்க வேண்டும்.

மேலே செல்லச் செல்ல, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 முதல் 6½ டிகிரி வரை வெப்பம் குறையும். நமது ஊரில் தை விடியலில் 21 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அது 6 அல்லது 7 டிகிரியாக இருக்கும் என்று காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். வானம் தெளிந்த இரவுகளில் அதற்கும் கீழிறங்கி உறைபனி விழுவதும் உண்டு. கோடைக்கானலும் ஏறத்தாழ இதே நிலை. திருமலையின் உயரம் 1,000 மீட்டருக்கும் குறைவாகலின் அங்கே குளிர் மிதமானது. டில்லி சமவெளியாயினும் வடக்கே இருப்பதால், ஜனவரி இரவுகளில் 7 டிகிரியை ஒட்டியும் சில நாள் அதற்குக் கீழும் இறங்கும்.

இவற்றை வைத்து நாம் கூறும் வழிமுறை வருமாறு:

(அ) புதுச்சேரியிலேயே இருப்பவருக்கு அடைப்புள்ள குளிர்ச்சட்டை வேண்டுவதில்லை. விடியுமுன் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பாலும் பூவும் காய்கறியும் ஏற்றிவருவோர்க்குத் தேவை, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை ஒன்றே. வயலில் குனிந்து வேலை செய்பவருக்கு உடலுழைப்பே வெப்பம் தரும்.

(ஆ) திருமலை, ஏற்காடு, இரவு நேரப் பேருந்துப் பயணம் ஆகியவற்றுக்குக் கம்பளி ஸ்வெட்டரும், மேலே காற்றுத் தடுக்கும் சட்டையும் போதும்.

(இ) உதகை, கோடைக்கானல், டில்லிக் குளிர்காலம் ஆகியவற்றுக்கே நாம் பேசும் இலேசான அடைப்புச் சட்டை பொருந்தும். சதுர மீட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை பாலியெஸ்டர் அடைப்பு உள்ளது தக்கது. முழுச்சட்டையும் அரைக்கிலோவுக்கு மிகாதிருப்பது நன்று. உள்ளே ஸ்வெட்டரைச் சேர்த்தும் நீக்கியும் குளிருக்கேற்பச் சரிசெய்துகொள்ளலாம்.

(ஈ) கேதாரநாதம் போன்ற 3,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு இச்சட்டை ஒன்றே போதாது. உள்ளாடை, தொப்பி, கையுறை, மழைக்கோட்டு எல்லாம் வேண்டும்.

சில சட்டைகளில் '5 டிகிரி வரை' என்று அச்சிட்டிருக்கும். அது பெரும்பாலும், உள்ளே தக்க ஆடையணிந்து நடந்துகொண்டிருப்பவருக்குக் கூறியது. கண்காட்சிக் கடையில் மாலை முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கும், முதியோருக்கும், குழந்தைகளுக்கும் அதே குளிரில் அது போதாது. அவர்கள் ஒரு படி கூடுதலான காப்பைக் கொள்ள வேண்டும். முதியோர் உடலில் வெப்பம் குறைவாகவே பிறக்கிறது. நடுக்கமும் தாமதித்தே தெரியும். சட்டைக்காகச் சிக்கனம் பிடித்து அவர்கள் நலத்தை இழப்பது சிக்கனமாகாது.

பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவரும் கனத்த கோட்டைப் பற்றியும் ஒரு சொல். அது அவ்வூருக்கு நல்லது. உதகையில் அதனை அணிந்து நடந்தால் வேர்க்கும். வேர்வையில் உள்ளாடை நனையும். நின்றவுடன் அந்த ஈரமே நடுங்க வைக்கும்.

6. விலை

இத்தகைய சட்டைகள் ரூ. 1,500-லிருந்தே கிடைக்கின்றன, மேல் எல்லைக்கு அளவில்லை. விலையின் ஒரு பகுதி அடைப்புக்கும் துணிக்கும், மற்றொரு பகுதி மார்பில் தைத்த பெயருக்கும் போகிறது. பெயர் கதகதப்பு அளிப்பதில்லை. வரியையும் கவனிக்க வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 2,500 வரை விலையுள்ள ஆடைக்குச் சரக்கு சேவை வரி 5 சதவீதம். அதற்கு மேற்பட்டால் 18 சதவீதம். அவ்வெல்லையைச் சிறிதே தாண்டும் சட்டைக்கு வரியாக மட்டும் கணிசமான தொகை கொடுக்கிறோம்.

பருவம் முடிந்தபின், மாசி பங்குனியில், கடைகள் விலையைக் குறைப்பதுண்டு. அப்போது வாங்கி வைப்போர் ஆதாயம் அடைவர். நமது ஊரில் ஞாயிறுதோறும் காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டிலும், உதகையின் திபேத்திய அங்காடியிலும் மலிவாகக் கிடைக்கும். மலிவு குற்றமன்று, சோதியாமல் வாங்குவதே குற்றம். அங்கே ரசீதும் மாற்றித் தருதலும் அரிதாகலின், கீழ்க்கண்ட சோதனைகளை அங்கேயே செய்துவிட வேண்டும்.

ஒன்று: சட்டையை இறுகச் சுருட்டி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து விடுக. விரைவில் பழையபடி உப்பினால் அடைப்பு நல்லது; சப்பையாகவே கிடந்தால் கெட்டது.
இரண்டு: விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க. ஒளி ஒரே சீராக மங்கியிருக்க வேண்டும். திட்டுத் திட்டாக வெளுத்த இடம் வெற்றிடம்.
மூன்று: தையலோரத்தில் இறகோ இழையோ வெளிவந்திருந்தால் விலக்குக.
நான்கு: உள்ளே தைத்துள்ள சீட்டைப் படிக்க. அடைப்பு இன்னது என்று கூறாத சட்டையை நம்பவேண்டா.
ஐந்து: முகர்ந்து பார்க்க. பூஞ்சை நாற்றம் எளிதில் போகாது.

7. பேணுதல்

ஆண்டில் பதினொரு மாதம் இச்சட்டை பெட்டியில் உறங்கப் போகிறது. எனவே வைக்கும் முறை அணியும் முறையினும் முக்கியம். சுருட்டி அமுக்கி வைத்தால் உப்பல் நிரந்தரமாகக் குன்றும்; தொங்கவிட்டோ தளர மடித்தோ வைக்க வேண்டும். நமது கடற்காற்றில் பூஞ்சை படியுமாகலின், நன்கு உலர்த்திய பிறகே உள்ளே வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட வேண்டும். மென்மையான சோப்பு நீரில் கையால் அலசுக, முறுக்கிப் பிழியாதீர்கள், வெளுப்பு மருந்தும் இஸ்திரியும் கூடா. கடும் வெயிலில் நைலான் நைந்துபோகும்.

தீயைக் குறித்து எச்சரிக்கை அவசியம். நைலானும் பாலியெஸ்டரும் தீப்பொறி பட்டவுடன் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். மலையூரில் கணப்பு காய்வோரும், போகிக் கொளுத்தலில் நிற்கும் சிறுவரும் இச்சட்டையை அணிந்து நெருப்பை நெருங்கலாகாது.

8. சங்கம் செய்யக்கூடியது

1844 டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் ராச்டேல் நகரில், டோட் லேன் என்னும் தெருவில் 28 முன்னோடிகளின் சிறு கடை திறக்கப்பட்டது. மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் அங்கு முதலில் விற்ற சரக்குகளுள் அடங்கும். ராச்டேல் ஃபிளானல் என்னும் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். முன்னோடிகளுள் பலர் நெசவாளர். கலப்படமில்லாத பொருளை, சரியான எடையில், தம்முள் தாமே விற்றுக்கொள்வது என்பதே அவர்கள் கொண்ட உறுதி. வாங்குவோர் அறிவுடையோராக ஒன்றுசேர்ந்தால் விலையும் தரமும் அவர்கள் வசப்படும் என்று அக்கடை காட்டியது.

குளிர்ச்சட்டை தனியொருவர் வாங்குவதினும் சங்கம் வாங்குவதற்கே மிகப் பொருத்தமான பொருள். ஓர் அங்கத்தினர் ரூ. 2,400 கொடுத்து வாங்கிய சட்டையை ஆண்டில் ஒரே பயணத்தில் அணிந்தால், மூன்று ஆண்டில் ஒரு பயணத்துக்கு ரூ. 800 செலவாகிறது. சங்கம் வெவ்வேறு அளவுகளில் ஆறு சட்டைகளை ரூ. 14,400-க்கு வாங்கி, ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்துப் பயணம் செல்லுமாறு இரவல் கொடுத்தால், மூன்று ஆண்டில் 180 பயணங்கள் ஆகும். பயணம் ஒன்றுக்கு அடக்கம் ரூ. 80. துவைக்கும் கூலியும் சேர்த்து ரூ. 100 வாடகை வைத்தால் சங்கத்துக்கு நட்டமில்லை, அங்கத்தினருக்குக் கடனுமில்லை. ஆண்டு தேய்ந்தபின் அச்சேமிப்பிலிருந்தே புதியவை வாங்கலாம். துணைவிதி இடம் தருகிறதா என்று பார்த்து, பொதுக்குழுவில் தீர்மானம் செய்து, ஒரு பதிவேடு வைத்து, சிறு முன்பணம் பெற்று நடத்தினால் போதும்.

அவரவர்க்கு வேண்டிய அளவே வாங்குவது சிக்கனம். பலர்க்கு வேண்டியதைச் சேர்ந்து வாங்குவது கூட்டுறவு. அடுத்த மார்கழிக்கு முன் நமது சங்கங்கள் இதனை ஆலோசிப்பது நலம். பயணத்துக்கு முதல்நாள் மாலையில் அல்ல, பருவம் முடிந்து விலை இறங்கும் பங்குனியிலேயே இவ்வேலை தொடங்கட்டும்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. ஒரே எடையுள்ள இரண்டு சட்டைகளுள் ஒன்று மட்டும் மிகுந்த கதகதப்பைத் தருவது எவ்வாறு?
2. பறவைத் தூவி உயர்ந்ததாயினும் நமது கடற்கரைக்கு அது தக்கதன்று என்பது ஏன்?
3. 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் தை விடியலில் எத்தனை டிகிரி இருக்கும் என்று கணக்கிடுக.
4. சென்ற ஆண்டில் நமது சங்க அங்கத்தினர் எத்தனை பேர் குளிர்ப் பிரதேசங்களுக்குச் சென்றனர்? அவர்களுக்கு எத்தனை சட்டைகள், எந்த அளவுகளில் தேவைப்பட்டிருக்கும்?